பதிமூன்று வயது தவசுலிங்கம்

நாகமலைக்குப் பின்பக்கப் பாறை
காலை ஒன்பதுக்கே தோசைக்கல்லாய்க் காய்ந்துவிட்டது.
நாங்கள் பதினொரு பேர்.
கூட்டுறவு வங்கிக் காசாளர் இபுராகிம் தவிர
மற்ற எல்லோரும் வாத்தியார்கள், டீச்சர்கள்.
தலைக்கவசத்துக்குள் நரைமுடியைத் திணித்துக்கொண்டு
இடுப்புவாரின் எந்தத் துளை நம்முடையதென்று
ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

பயிற்சி தருபவள் சுகிர்தா. இருபத்தாறு வயசு.
என் வகுப்பில் இருந்திருந்தால்
குறுக்கே பேசாதே என்று உட்கார வைத்திருப்பேன்.
முதல் நாள் முழுக்க முடிச்சு,
பெற்றோர் கையெழுத்துப் படிவம்,
யாருக்கு வீசிங், யாருக்கு வலிப்பு,
பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம்.
"காளவாசல் சிக்னல்ல மாட்டிக்கிட்டா?"
சிரித்தோம்.
அவள் சிரிக்கவில்லை.
"எழுதுங்க" என்றாள்.

இரண்டாம் நாள்தான் அந்த விளையாட்டு.
ஒருவர் தலைவர், மற்றவர்கள் பிள்ளைகள்,
எல்லோருக்கும் வயது பதிமூன்று.
ஆளுக்கொரு துண்டுச் சீட்டு,
அதில் உள்ளபடி நடக்க வேண்டும், யாருக்கும் காட்டக்கூடாது.
தலைவராக என்னைக் கூப்பிட்டாள்.

ஜெசிந்தா டீச்சர் அழுதார்.
நன்றாகவே அழுதார், மூக்கு சிவக்க.
இபுராகிம் ஓயாமல்,
"மிஸ், சோறு எப்ப மிஸ்?"
யாரோ குரங்கு பார்க்கப் போய்
நான் எண்ணும்போது ஒன்பதாகி
திரும்ப எண்ணும்போது பத்தானார்கள்.

தவசுலிங்கம் சார் மட்டும் ஒன்றும் செய்யவில்லை.
உசிலம்பட்டிப் பக்கம் உடற்கல்வி ஆசிரியர்,
கழுத்தில் விசில், முகத்தில் முப்பது வருட வெயில்.
வரிசையில் முதலில் நின்றவர்
ஒவ்வொருவராய் முன்னே விட்டு விட்டுக்
கடைசிக்கு வந்திருந்தார்.
ஷூ கயிற்றை மூன்றாம் முறை கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?" என்றேன், விளையாட்டின் குரலில்.
"வயிறு ஒரு மாதிரி இருக்கு மிஸ்."
எல்லோரும் கைதட்டினார்கள். என்ன நடிப்பு!
நானும் தட்டியிருப்பேன்.
அவர் கட்டைவிரல்
விசிலின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

வாய் வரைக்கும் வந்துவிட்டது எனக்கு:
ஒண்ணும் ஆகாது, போ.
பேச்சுப்போட்டி மேடைக்கு, நீளம் தாண்டுவதற்கு,
பஸ் இல்லாத ஊருக்குத் தனியாக,
எத்தனை பேரை இந்த மூன்று சொல்லால்
தள்ளிவிட்டிருக்கிறேன் என்று
அப்போது கணக்குப் பார்க்கவில்லை.
ராத்திரி பார்த்தேன்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். பாறை சுட்டது.
"இன்னைக்கு இறங்க வேண்டாம்.
கயித்தோட வாலைப் பிடிக்க ஆள் வேணும்,
எங்கூட நில்லுங்க."
'நில்லு' என்றிருக்க வேண்டும்.
பதிமூன்று வயசுக்கு மரியாதை கொடுத்துவிட்டேன்.
சுகிர்தா நோட்டில் என்னமோ குறித்தாள்,
மார்க் குறைத்தாளோ என்னவோ.

மற்ற ஒன்பது பேரும் இறங்கி முடிக்கும்வரை
அவர் கையில் கயிறு
ஒரு சாண்கூடத் தளரவில்லை.

மத்தியானம் எலுமிச்சைச் சாதப் பொட்டலம்.
சீட்டுகளைத் திரும்ப வாங்குவது என் வேலை.
ஜெசிந்தா: வீட்டு நினைப்பில் அழுபவள்.
இபுராகிம்: பசி தாங்காதவன்.
தவசுலிங்கம் சார் சட்டைப்பையில் துழாவி
வியர்வையில் ஒட்டிப்போனதை
மடிப்புப் பிரிக்காமலே கொடுத்தார்.

வேனில்தான் பிரித்தேன்.

எதற்கும் பயப்படாத பையன்.
சொல்வதற்கு முன்னால் குதிப்பவன்.

முன் இருக்கையில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.
வேகத்தடைக்கு வேகத்தடை
விசில் பட்டனில் இடித்தது.

சுகிர்தா வந்து சீட்டுகளை எண்ணினாள்.
"ஒண்ணு குறையுதே மிஸ்."
"காத்துல போயிருச்சு."
ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.
என் மூடிய கையைப் பார்த்தாள்,
முன் இருக்கையைப் பார்த்தாள்,
படிவத்தை நீட்டினாள்.
"அப்படியே எழுதுங்க."